ஆளை விட்டு வராத வண்டி

ஏற்றிக்கொண்டு போன ஆளைத் திரும்ப ஏற்றாமல் மலையேறாது என்பதுதான் சுருளியப்பனின் மிலிட்டரி லாரிக்கு இருந்த ஒரே கோளாறு என்று போடிச் சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? கொம்புமலைக்காரர்களைக் கேட்டால், அது அந்த வண்டியின் எத்தனையோ குணங்களில் ஒன்று, அதுவும் மற்றதெல்லாம் பழகிப்போன பிறகு கடைசியாகத் தெரியவந்த ஒன்று, அதைப் போய்க் கோளாறு என்று சொல்வானேன் என்று நம்மிடமே சண்டைக்கு வருவார்கள்.

வடக்கே பட்டாளத்தில் கழித்துப்போட்ட வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கிளம்பிப்போன சுருளியப்பன், பாஷை தெரியாத ஊர்களில் கையைக் காட்டிக் காட்டி வழி கேட்டு, எல்லாச் சக்கரமும் இழுக்கிற அந்தப் பச்சை லாரியை ஐப்பசி அடைமழையில் கொம்புமலைக்கு ஏற்றிக்கொண்டு வந்தபோது, கோவேறு கழுதையே கால் வழுக்கி விழுகிற பாதையில் இத்தனை பெரிய உறுமலைக் கேட்டிராத ஊர், பட்டாளம்தான் வந்துவிட்டது என்று நினைத்து, என்ன தப்பு செய்தோம் என்று கூடத் தெரியாமல் ஏலக்காய்த் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்தது. ஓடாமல் நின்றவள் அவன் பெண்டாட்டி மொக்கத்தாய் ஒருத்திதான். அவள் வண்டியைச் சுற்றி வந்து, டயரைத் தட்டிப் பார்த்து, "வரும்போது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். புருஷனைக் கேட்டாளா, வண்டியைக் கேட்டாளா என்பது அப்போதே சந்தேகம்தான்.

அந்த வண்டிக்குச் சாவி கிடையாது. சண்டைக்கு நடுவில் சாவியை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்க முடியாதல்லவா? சுவிட்சைத் திருப்பிப் பொத்தானை அமுக்கினால் யாருக்கும் கிளம்பும். டீசலைக் கழுநீர்த் தொட்டியில் வாய் வைத்த மாடு மாதிரிக் குடிக்கும். பட்டாளத்துப் பச்சையில் ஓட்டக்கூடாது என்று சட்டம் இருப்பதால் நீலம் அடித்தார்கள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் நீலம் எங்கே போனதென்று தெரியாமல் போய்ப் பச்சை மறுபடி வந்து நிற்கும், ஊரும் சலிக்காமல் மறுபடி நீலம் அடிக்கும். ஒரு நட்டு கழன்றால் அந்த அளவு நட்டு தேனியில் கிடைக்காது, மதுரையில் கிடைக்காது, கோயம்புத்தூர் பழைய இரும்புக் கடைகளில் மண்டி போட்டுத் தேட வேண்டும். டயரின் பட்டன்கள் முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் ஒரே மாதிரித் தடம் போடும். எதிரி குனிந்து பார்த்தால் வண்டி போயிருக்கிறதா வந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கக்கூடாதாம். பின்னால், பாடிக்குக் கீழே, அச்சின் நடுவிலுள்ள இரும்பு உருண்டைக்கு வெள்ளையடித்து, அதன்மேல் மட்டும் வெளிச்சம் விழுகிற மாதிரி ஒரு குட்டி விளக்கு வைத்திருந்தார்கள். இருட்டில் வரிசையாகப் போகும்போது பின்னால் வருகிறவன் வழி தவறாமல் தொடர்வதற்காம். சுருளியப்பன் பல்பு மாற்றினான், வயர் மாற்றினான், அது மட்டும் ஒருநாளும் எரியவில்லை. கொம்புமலையில் பின்னால் வருவதற்கு வேறு வண்டி ஏது என்று விட்டுவிட்டான்.

முன்கூண்டின் கூரையில் வட்டமாக ஒரு ஓட்டையும் அதற்கு மூடியும் இருந்தன. துப்பாக்கிக்காரன் நிற்கிற இடம். அந்த ஓட்டையில் மொக்கத்தாய் நின்றாள். கொண்டை ஊசி வளைவுகளில் இடுப்புவரை வெளியே நீட்டி நின்று, வளைவுக்கு அந்தப் பக்கம் மாடு வருகிறதா, பாறை விழுந்திருக்கிறதா என்று பார்த்து, கூரையை ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்த வேண்டும், இரண்டு தட்டுத் தட்டினால் போகலாம். அவள் தலையில் கனகாம்பரமும் வண்டி நெற்றியில் மஞ்சள் வட்டமுமாக மலையிறங்கி வருவதைப் பார்க்கப் போடிச் சந்தையில் கடையை விட்டு எழுந்து வருவார்கள். சுருளியப்பனுக்கு அதில் அவ்வளவு பெருமை. "எம் பொண்டாட்டி இல்லாம நான் வளைவு திரும்ப மாட்டேன்" என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

முதலில் அகப்பட்டவன் தவசி. குடிகாரன். சந்தையில் இறக்கிவிட்டால் எந்தச் சாக்கடை ஓரத்தில் கிடப்பான் என்று யாருக்கும் தெரியாது, மறுநாள் தானே நடந்து வந்துவிடுவான் என்று விட்டுவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கம். அன்றைக்கும் அப்படித்தான் எல்லாரும் ஏறினார்கள், எஞ்சின் உறுமியது, கியர் விழுந்தது, வண்டி நகரவில்லை. மெக்கானிக் வந்து அடியில் படுத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறதே என்று தலையைச் சொறிந்தார். கூரை ஓட்டையில் நின்றிருந்த மொக்கத்தாய்தான், "ஆள் இருக்கு" என்று கத்தினாள்.

"எங்க இருக்கு?" என்றான் சுருளியப்பன்.

"ஏறலங்கிறேன். தவசியண்ணன் ஏறல. அதான் நிக்குது."

"அதுக்கு எப்படிடி தெரியும்?"

"பட்டாளத்து வண்டி. போனவங்கள எண்ணித்தான கூட்டிட்டு வரும்?"

தவசியைத் தேடிப் பிடித்துத் தூக்கிப்போட்டதும் வண்டி கிளம்பியது. இதற்காக ஊரில் யாரும் வாயில் கைவைத்து நிற்கவில்லை. பெண்களுக்குத்தான் சந்தோஷம் பிடிபடவில்லை. சந்தைக்குப் போன புருஷன்மார் இனிமேல் வந்துதான் ஆக வேண்டும். எவனாவது சினிமாக் கொட்டகையிலோ சாராயக்கடையிலோ உட்கார்ந்துவிட்டால் ஊரே இறங்கிப் போய் "ஆள் இருக்கு, ஆள் இருக்கு" என்று கத்திக்கொண்டு தெருத்தெருவாகத் தேடி இழுத்து வந்தது. பிரசவத்துக்குப் போனவளுக்காக வண்டி ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றது, அவள் பிள்ளையோடு வெளியே வந்ததும் முன்னைவிட மெதுவாக மலையேறியது. கரடி அடித்ததால் வண்டியில் போட்டுக் கொண்டுபோன கிழவர் ஒருவர் பெரியாஸ்பத்திரியில் உயிரை விட்டபோது, ஏழைப்பட்ட பிணம், அங்கேயே அடக்கம் செய்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள், வண்டி விடவில்லை. பிணத்தை ஏற்றினால்தான் நகர்வேன் என்றது. செத்தாலும் கொண்டுவந்து சேர்த்துவிடும் என்று கொம்புமலைக்காரர்கள் அந்த வண்டியைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அப்புறம் ஊர் அதற்குத் தகுந்தாற்போலத் தன்னை மாற்றிக்கொண்டது. திருப்பூருக்கோ கேரளாவுக்கோ பிழைக்கப் போகிறவர்கள் வண்டியில் ஏறாமல் பழைய கழுதைப் பாதையில் நடந்து இறங்கினார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணும் பித்தளைக் குடமும் நடந்துதான் போக வேண்டும். ஒருத்தர் நடந்து மலையிறங்குகிறார் என்றால் அவர் இனி வரமாட்டார் என்று அர்த்தம், வாசலில் நின்று அழுவார்கள். நாட்டாமை பெத்தண்ணன் மகளுக்கு இது ஒத்துவரவில்லை. சம்பந்திக்காரர்கள் பெரிய இடம். பெண் நடந்து வருவதா என்று முகத்தைச் சுளித்தார்கள். பெத்தண்ணன் வெற்றிலையை மென்றபடி யோசித்து, மகளை வண்டியிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பும்போது சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒருத்தனைக் கூப்பிட்டு, "சும்மா ஏறி உக்காருப்பா, மேல போய் ஒரு வேளை கறிச்சோறு தின்னுட்டு நடந்து எறங்கிரு" என்றார். அவன் ஏறினான். வண்டி கிளம்பியது.

"பாத்தீங்களா? அதுக்கு எண்ணத்தான் தெரியும். மூஞ்சி தெரியாது" என்றார் பெத்தண்ணன்.

அவர் கண்டுபிடித்ததற்கு ஈடு ஆள் என்று பெயர் வந்தது. ஒருத்தரைக் கீழே விட்டால் ஒருத்தரை ஈடாக ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். சாணை பிடிக்கிறவர், குடை ரிப்பேர்க்காரர், ஜோசியம் பார்க்கிறவர் என்று யார் யாரோ ஈடாக ஏறி மலைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மொக்கத்தாய்க்கு மட்டும் அது பிடிக்கவேயில்லை. ஈடு ஆள் ஏறிய நாளில் அவள் கூரையைத் தட்ட மாட்டாள். "அதுக்குத் தெரியும்யா. பொறுத்துக்கிட்டு வருது" என்பாள். சுருளியப்பன் சிரிப்பான்.

அவளுக்குப் பெண் பிறந்தது. நாகமணி என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை பிறந்ததிலிருந்து மொக்கத்தாய்க்குத் தூக்கம் போயிற்று, பிறகு பேச்சு போயிற்று, அதற்குப் பிறகு ஒருநாள் பிள்ளையை ஓடைக்கரையில் வைத்துவிட்டு, வைத்ததையே மறந்து, வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு அந்த எரியாத விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை யாரோ பார்த்துத் தூக்கிவந்தார்கள். ஊர் பயந்துவிட்டது. சுருளியப்பனும் பயந்தான், அதைப் பொய் என்று சொல்ல முடியாது. பேய் என்றார்கள், மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள். ஒருநாள் காலையில் அவன் அவளுக்குத் தலைசீவி, கனகாம்பரம் வைத்து, கூரை ஓட்டையில் நிறுத்தி, வேறு யாரையும் ஏற்றாமல் மலையிறங்கினான். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி முள்ளுக்காட்டுக்குள் இரண்டு அக்காமார் இப்படிப்பட்டவர்களுக்காக ஒரு காப்பகம் நடத்துகிறார்கள் என்று சொன்னது பெத்தண்ணன்தான். "சரியானதும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னான். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திரும்பக் கிளம்பியபோது வண்டி காப்பகத்து வாசலை விட்டு நகரவில்லை. அவன் ரோட்டுக்கு நடந்துபோய், பஸ் நிறுத்தத்தில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த பவுனுத்தாய் என்கிற கைம்பெண்ணை, ஒரு நாள் கூலி தருகிறேன், மலைக்கு வந்துவிட்டுப் போ என்று அழைத்துவந்து மொக்கத்தாய் இடத்தில் உட்காரவைத்தான். வண்டி வெகுநேரம் உறுமிக்கொண்டே நின்றது. அப்புறம் கிளம்பியது.

பவுனுத்தாய் அன்று மாலை நடந்து இறங்குவதாகத்தான் இருந்தது. உள்ளே பிள்ளை வீறிட்டு அழுவதைக் கேட்டுப் போனவள், கஞ்சித் தண்ணீரைச் சங்கில் ஊற்றிப் புகட்டினாள், தூங்கவைத்தாள், மறுநாளும் புகட்டினாள். அவளிடம் அந்தப் பிள்ளையின் தாய் உடம்பு சரியில்லாமல் இருக்கிறாள் என்று முதலில் சொன்னார்கள். கொஞ்ச நாள் கழித்து, செத்துப்போய்விட்டாள் என்று சொன்னார்கள். சுருளியப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெத்தண்ணன் தேதி குறித்தார். ஊர் கூடிக் கருமாதி செய்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். செத்தவரைக்கூட விட்டுவராத வண்டி நிற்கிற ஊரில், ஒருத்தி செத்தாள் என்கிறார்கள், பிணம் வரவில்லை. எங்கே பிணம் என்று ஒரு நாய்கூடக் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் பந்தியில் உட்கார்ந்தார்கள், தெரிந்துதான் எலும்பைக் கடித்தார்கள், தெரிந்துதான் அடுத்த தை மாதம் சுருளியப்பன் பவுனுத்தாய்க்குத் தாலி கட்டியபோது மஞ்சளரிசி போட்டார்கள். தெரியாதவர்கள் இரண்டே பேர். ஒன்று பவுனுத்தாய், இன்னொன்று அவள் இடுப்பில் இருந்த நாகமணி.

நாகமணி வளர்ந்தாள். பள்ளிக்கூடம் போகிற வயசு வந்தது. அவளுக்கு அம்மா பவுனுத்தாய்தான். முதல் அம்மா சாமியாகிவிட்டாள் என்று விளக்கு ஏற்றிக் கும்பிட்டாள். கூரை ஓட்டையின் மூடியைச் சுருளியப்பன் போல்ட் போட்டு முடுக்கிவிட்டான். வளைவுகளில் ஹாரனை அழுத்திக்கொண்டு தனியாகத் திரும்பினான்.

அந்தச் சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு ஊர் முழுக்கப் போவதென்று முடிவாயிற்று. மழை பொய்த்து ஏலக்காய் கருகிக் கிடந்தது. தீச்சட்டி எடுப்பதாக ஒரு வீட்டில், ஆயிரங்கண் பானை எடுப்பதாக இன்னொரு வீட்டில் என்று வீடு தவறாமல் நேர்ந்திருந்தார்கள். கொம்புமலை ஒன்றும் பெரிய ஊர் இல்லை. கைப்பிள்ளைகளும் கண் தெரியாத கிழங்களும் உட்பட எல்லாரும் ஏறி, இடம் இல்லாதவர்கள் தொங்கி, பூட்டிய வீடுகளையும் கோழிகளையும் தவிர மலையில் ஒருத்தர் மிச்சமில்லாமல் கிளம்பினார்கள். அதற்கு முன் ஒருநாளும் ஊர் மொத்தமும் ஒரே நடையில் அந்த வண்டியில் ஏறியதில்லை. ஊரையே எண்ணிப் பார்க்க வண்டிக்கு இடம் கொடுத்துவிட்டார்கள், அதுதான் அவர்கள் செய்த தப்பு.

சட்டி எடுத்து, முல்லையாற்றில் குளித்து, பொரிகடலையும் வளையலும் வாங்கி, மத்தியானம் சாய்ந்து எல்லாரும் ஏறினார்கள். எஞ்சின் உறுமியது. கியர் விழுந்தது. வண்டி நகரவில்லை.

"ஆள் இருக்கு!" என்று பழக்கத்தில் எல்லாரும் கத்தினார்கள்.

வீட்டுக்கு வீடு தலையை எண்ணினார்கள். எல்லாரும் இருந்தார்கள். தவசிகூட இருந்தான், அதுவும் குடிக்காமல். இறங்கி ஏறி மறுபடி எண்ணினார்கள். குறையவில்லை.

"யாராச்சும் ரெண்டு தடவ எண்ணிருப்பீங்க" என்றார் பெத்தண்ணன். "எதுக்கும் ஒரு ஈடு ஏத்துங்க."

பலூன் விற்கிறவர் ஒருவரைக் கெஞ்சி ஏற்றினார்கள். நகரவில்லை. இன்னொருத்தர் இருக்கட்டும் என்று சவ்வுமிட்டாய்க்காரரை ஏற்றினார்கள். நகரவில்லை. வழியில் போன ஒரு போலீஸ்காரரையே ஏற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது வண்டி தானாக நகர்ந்தது. அப்பாடா என்று எல்லாரும் அம்மனைக் கும்பிட்டார்கள். சுருளியப்பன் மட்டும் கும்பிடவில்லை. அவன் கையில் ஸ்டியரிங் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மலைக்குப் போகிற மேற்கே திரும்பாமல் வண்டி கிழக்கே திரும்பியது.

"சுருளி, பாதை மாறுதப்பா!" என்று பின்னால் இருந்து குரல்கள் வந்தன.

அவன் பிரேக்கை மிதித்தான். பிரேக் தரைவரை போய்த் திரும்பி வந்தது. சாவியைப் பிடுங்கலாம் என்றால் அந்த வண்டிக்குத்தான் சாவியே கிடையாதே. சுவிட்சைத் திருப்பினான், எஞ்சின் நிற்கவில்லை. தேனியைத் தாண்டினார்கள், ஆண்டிபட்டியைத் தாண்டினார்கள். பலூன்காரர் தன்னை இறக்கிவிடச் சொல்லி அழுதார். மற்றவர்களுக்கு அழுகை வரவில்லை. கணவாய் தெரிந்ததும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் எல்லாரும் தங்கள் தங்கள் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். பெத்தண்ணனின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றிருந்தது.

"எங்கப்பா போறோம்?" என்று முன்னிருக்கையில் பவுனுத்தாய் மடியில் இருந்த நாகமணி கேட்டாள்.

வியர்வை சுருளியப்பனின் மூக்கு நுனியில் இருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.

முள்ளுக்காட்டுக்குள் ஒரு இரும்பு கேட்டுக்கு முன்னால் வண்டி நின்று, பலூன்காரரும் சவ்வுமிட்டாய்க்காரரும் குதித்து ஓடியதும் எஞ்சினை அணைத்துக்கொண்டது. அந்த அமைதியில் உள்ளே யாரோ மண்வெட்டியால் பாத்தி வெட்டுகிற சத்தம் கேட்டது. அதுவும் நின்றது. குட்டையாக வெட்டிய தலைமயிரோடு, நீலச்சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, மண் அப்பிய கையோடு ஒருத்தி கேட்டைத் திறந்தாள். வண்டியைப் பார்த்தாள். கிட்டே வந்து டயரைத் தட்டிப் பார்த்தாள்.

பின்னால் ஒரு பெண் "ஆத்தாடி!" என்று அலறியதோடு ஊரே அலறியது. கருமாதிச் சோறு தின்ற அத்தனை வாயும் அலறியது. செத்தவள் வந்துவிட்டாள் என்று அலறினார்களா, சாகாதவள் வந்துவிட்டாள் என்று அலறினார்களா? எனக்கு இரண்டாவது என்றுதான் படுகிறது.

காப்பகத்து அக்கா ஒருத்தி ஓடிவந்தாள். ஊரையே பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தன பேரு இருக்கீங்களா இவளுக்கு? இவ சரியாகி எத்தன வருஷமாச்சு தெரியுமா? நாங்க உங்க மலைக்கு ஆள் அனுப்பிக் கேட்டோமே, மொக்கத்தாய்னு ஒருத்தி இருந்தா, செத்துப்போயிட்டா, கருமாதியே முடிஞ்சிருச்சுன்னு உங்க நாட்டாமை சொல்லி விட்டாராமே?"

எல்லாரும் பெத்தண்ணனைப் பார்த்தார்கள். பார்ப்பதற்கு ஒருத்தர் கிடைத்ததில் அவர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனால் மொக்கத்தாய் அவரைப் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றி நடந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"எனக்குக் கருமாதி செஞ்சீங்களே, என்ன சமைச்சீங்க?" என்று கேட்டாள்.

கடைசியில் தவசிதான், பொய் சொல்லத் தெரியாதவன், "வெள்ளாட்டுக் கறி, மதினி" என்றான்.

"நல்லா இருந்துச்சா?"

தவசி குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினான்.

முன்பக்கக் கதவைத் திறந்துகொண்டு பவுனுத்தாய் இறங்கினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்து, "அன்னைக்கு இந்த வாசல்லதான என்னைய ஏத்துன? நான் செத்தவளுக்கு ஈடுன்னுல்ல இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டிருக்கேன்? உசுரோட இருக்கவ இடத்துலயா என்னைய உக்கார வச்ச?" என்றாள். அவள் நாகமணியைத் தூக்கி இறக்கி, மொக்கத்தாய்க்கு எதிரே நிறுத்தினாள். "அக்கா, இது உம் பிள்ள. நான் சத்தியமாத் தெரியாமத்தான் வளத்தேன். இந்தா. நான் இங்கயே நின்னுக்கிறேன், நீ ஏறு."

தான் விளக்கேற்றிக் கும்பிட்ட சாமி மண்வெட்டியோடு நிற்பதை நாகமணி பார்த்தாள். மொக்கத்தாய் கையில் இருந்த மண்ணைச் சேலையில் துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள், ஆனாலும் பிள்ளையைத் தொடுவதற்குக் கை வரவில்லை.

"ஓடைக்கரையில வச்சனே, யாரு தூக்குனா?" என்றாள் மெதுவாக.

"யாரோ தூக்குனாங்கக்கா. நான் அப்புறமா வந்தவ."

"கஞ்சி குடுத்தியா?"

"குடுத்தேன்."

"அப்ப நீ எதுக்கு நிக்கணும்? நீயும் ஏறு. பிள்ளைக்கு மடி வேணாமா? மல வரைக்கும் நின்னுக்கிட்டா வரும்?"

மொக்கத்தாய் வண்டிக்குள் ஏறினாள். இருக்கையில் உட்காரவில்லை. அண்ணாந்து அந்த மூடியைப் பார்த்தாள். முடுக்கிய போல்ட்டை விரலால் திருகினாள். ஸ்பானர் போட்டு முடுக்கியது, பால் பல்லைப் போலக் கழன்று வந்தது. மூடியைத் தள்ளித் திறந்து, இடுப்புவரை வெளியே நீட்டி நின்றாள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பவுனுத்தாயும் பிள்ளையும் ஏறி அவள் காலடியில் உட்கார்ந்தார்கள்.

சுருளியப்பன் எப்போது இறங்கினான் என்று யாரும் கவனிக்கவில்லை. வண்டிக்கு முன்னால் வந்து நின்று அவளை அண்ணாந்து பார்த்தான். "மொக்கத்தாயி, உன்னய கூட்டிட்டுப் போறேன்னுதான் சொன்னேன். வரணும்னுதான் இருந்தேன். ஒவ்வொரு மாசமும் அடுத்த மாசம் அடுத்த மாசம்னு..." என்று சொல்லி, மேலே சொல்ல முடியாமல் நெஞ்சில் அடித்துக்கொண்டான். அவன் அழுகை பொய்யில்லை. அதைப் பார்த்த பெண்கள் சிலர் அழுதார்கள்கூட.

"அதுக்குத் தெரியும்யா" என்றாள் அவள். "பொறுத்துக்கிட்டுத்தான் வந்துச்சு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றி வந்து, டிரைவர் பக்கத்துப் படியில் காலை வைத்தான். அந்த நொடியில் கூரையில் இரண்டு தட்டு விழுந்தது. வண்டி கிளம்பிவிட்டது.

படியில் இருந்து விழுந்தவன் எழுந்து ஓடிவந்தான். "ஆள் இருக்கு! ஆள் இருக்கு!" என்று ஊரே கத்தியது. வண்டியின் உடம்பைத் தட்டிக் கத்தினார்கள், பலகையை உதைத்துக் கத்தினார்கள். நிற்கும், இதோ நிற்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். குடிகாரனுக்காக நின்ற வண்டி, பிணத்துக்காக நின்ற வண்டி, சொந்தக்காரனுக்காகவா நிற்காமல் போகும்? காலி டிரைவர் சீட்டுக்கு முன்னால் ஸ்டியரிங் அமைதியாகத் திரும்பியது. பின்னால் தொங்கியவர்கள் குனிந்து பார்த்துவிட்டு அரண்டுபோய் நிமிர்ந்தார்கள். அந்த இரும்பு உருண்டையின் மேல் குட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாங்கிய நாளிலிருந்து எரியாத விளக்கு. அதைப் பார்த்தபடி சுருளியப்பன் ஓடிவந்தான், ஓட்டம் நடையாகி, நடையும் தளர்ந்து, ரோட்டில் சிறுத்துப்போனான்.

இப்போதெல்லாம் அவன் சந்தையில்தான் இருக்கிறான், மூட்டை தூக்குகிறான். அவன் ஏறி உட்கார்ந்தால் எஞ்சின் அணைந்துவிடுகிறது, இறங்கினால் கிளம்புகிறது. கழுதைப் பாதையில் நடந்து ஏறிப் பார்த்தான். பாதி வழியில் வண்டித்தடம் குறுக்கிட்டது, அது போன தடமா வந்த தடமா என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி மறுபடி சந்தைக்கே வந்து சேர்ந்தான். கொம்புமலைக்காரர்கள் இதையும் வண்டியின் குணத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சந்தை நாளில் அவனுக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், நீலம் அடிக்கிற பக்குவத்தைக் கேட்டுக்கொள்கிறார்கள். ஈடு ஆளை மட்டும் அதற்குப் பிறகு யாரும் ஏற்றவில்லை.

ஆனால் அன்று அதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. அடிவாரம் வந்தது, வளைவுகள் வந்தன, ஒவ்வொரு வளைவிலும் இங்கே நின்றுவிடும், இனி நகராது, அவனைத் தேடி இறங்கிப் போக வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேலே இரண்டு தட்டு விழும். வண்டி திரும்பும். பவுனுத்தாய் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். நாகமணி காலி சீட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளும் கொம்புமலைப் பிள்ளைதான், வண்டியின் கணக்கு அவளுக்கும் தெரியும். அண்ணாந்து, கூரை ஓட்டையில் தெரிந்த நீலச்சேலையை முதல்முறையாகப் பிடித்து இழுத்தாள்.

"அப்பாவுக்கு ஈடா யாரை ஏத்துனாங்க?"

மேலிருந்து மண் காய்ந்த ஒரு கை உள்ளே இறங்கி வந்து அவள் தலையைத் தொட்டது.

"என்னையத்தான்" என்றாள் மொக்கத்தாய்.

அடுத்த வளைவு வந்தது. அவள் கையை எடுத்து, கூரையை இரண்டு தட்டுத் தட்டினாள்.